சாக்ஸ் போட்டால் கால் அரிக்கிறதா? வேலூர்ப் பக்கத்தில் கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரை அடுத்த ஒரு ஷூ கம்பெனியில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். முதல் பாதி அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில், மறு பாதி தரம் பார்க்கும் மேசையில். சிறு வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் (எக்ஸிமா) தோல்; முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், பிறகு பாதம் என்று இடம் மாறி மாறி அரித்தது. இரண்டும் சேர்ந்ததால் கால் அரிப்பு என்றாலே அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அடிக்கடி கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. தோல் மருத்துவரிடம் போக வேண்டிய இடம் வரும்போது அதைச் சொல்கிறேன்; அங்கே தயங்காமல் போய்விடுங்கள்.

சாக்ஸ் போட்டால் அரிக்கிறது. எந்தச் சாக்ஸ் வாங்கலாம்?

வாங்குவதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். இன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சாக்ஸைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து, அரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அந்த இடத்திலேயே இருக்கும்.

எலாஸ்டிக் பட்டை இருந்த இடத்தில் மட்டும் வளையம் போலச் சிவந்திருந்தால், பட்டையின் இறுக்கமோ அதிலுள்ள ரப்பரோ காரணம். விரல்களுக்கு மேலே குறுக்காக ஒரு கோடு சிவந்திருந்தால் அது தையல். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே தோல் வெளுத்து, ஊறி, உரிந்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண், அதாவது பூஞ்சை. பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரல் முதுகிலும் தடித்துச் சிவந்து, விரலிடுக்குகள் மட்டும் சுத்தமாக இருந்தால் சாக்ஸை விட்டுவிட்டு ஷூவைச் சந்தேகப்படுங்கள். விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கால் ஓரத்திலும் ஜவ்வரிசி மணி போலச் சிறு நீர்க்கொப்புளங்கள் எழுந்து தாங்க முடியாமல் அரித்தால் அது ஒருவகைக் கரப்பான். வெயிலும் வியர்வையும் மனக்கவலையும் அதைக் கிளப்பிவிடும். கெண்டைக்காலில் சிவப்பே இல்லாமல் மீன்செதில் போல வறண்டு அரித்தால் தோலில் எண்ணெய்ப்பசை போதவில்லை. எந்தச் சாக்ஸ் மாற்றியும் பயனில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு கால்களிலும் ஒரே அச்சாக இருந்தால் பெரும்பாலும் உடுப்பு அல்லது ஷூ. ஒரே காலில் என்றால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் மூன்று நான்கு பேருக்கு இரவில் படுத்த பிறகு அரிப்பு அதிகமாகிறது என்றால் அது பெரும்பாலும் சிரங்கு. அதற்கு வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும்.

நூறு சதவீதம் பருத்தி என்று அச்சிட்டிருந்தால் போதும்தானே?

பருத்தி நல்ல தொடக்கம். ஆனால் முழுக்க முழுக்கப் பருத்தி நூலில் பின்னிய சாக்ஸ் காலில் நிற்காது; கழுத்து தளர்ந்து, நடக்க நடக்கக் குதிகாலுக்குக் கீழே சுருண்டுகொள்ளும். அதனால் ஏறக்குறைய எல்லாச் சாக்ஸிலும் கொஞ்சம் நைலானும், ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூலும் கலந்திருக்கும். உறையின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படியுங்கள். பருத்தி 75 முதல் 80 சதவீதம், மீதி நைலான், ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தால் தோல் உணர்ச்சி மிகுந்தவர்களுக்கு அதுவே நல்ல கலவை. பருத்தியின் பங்கு என்னவென்றே எழுதாமல் வெறுமனே ‘காட்டன்’ என்று மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை.

ஏன் பருத்தி? சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி நூல் தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. மலிவான பாலியஸ்டர் சாக்ஸுக்குள் வியர்வை தோலின் மேலேயே நிற்பது இதனால்தான். பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமானவை. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது, மூடிய ஷூவுக்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பருத்திக்கும் ஒரு குறை உண்டு. ஒருமுறை நன்றாக நனைந்துவிட்டால் லேசில் காயாது. ஈரப் பருத்தி தோலோடு உரசும், கொப்புளம் போடும். பத்து மணி நேரம் ஷூ போடுகிறவர் என்றால் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஜோடி மாற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் பிரிவில் நான் சாப்பாட்டுப் பையிலேயே ஒரு ஜோடி வைத்திருப்பேன். என் காலுக்குக் கிடைத்த நிம்மதியில் முக்கால் பங்கு அந்த மாற்று ஜோடியால் வந்தது. விலை உயர்ந்த எந்தச் சாக்ஸும் அதைத் தரவில்லை.

பருத்தி என்று சொல்லி வாங்கியது பருத்திதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சாக்ஸின் உட்புறத்தில் தொங்கும் ஒரு நூலை வெட்டி எடுத்து, புருவ முடி பிடுங்கும் இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரியும், காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பலை விரலால் தேய்த்தால் தூளாகும். பாலியஸ்டரும் நைலானும் தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறிய பிறகு கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூல் எரியவும் செய்யும், அடியில் கட்டியும் தங்கும். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் நடைபாதையில் சுத்தக் காட்டன் என்று சொல்லி விற்ற மூன்று ஜோடியை வாங்கி வந்து ஒருமுறை இப்படிப் பார்த்தேன். நகத்தால் குத்தினாலும் உடையாத கறுப்பு மணி, கடுகு அளவு, இடுக்கி நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது?

லாங்கு பஜாரில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் ஒரே வழிதான். சாக்ஸை உள்வெளியாகத் திருப்புங்கள். தோலில் படப்போவது உட்புறம். ஆனால் கடைக்காரர் காட்டுவது வெளிப்புறம்.

முதலில் விரல் பக்கத் தையல். அதை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கைவிரல் நுனி காய்த்துப் போயிருக்கும்; மணிக்கட்டுத் தோல் ஏமாறாது. தையல் தட்டையாக இருந்தால் உரசல் தெரியாது. கயிறு போல மேடாக இருந்தால் எட்டு மணி நேரம் ஷூவின் முன்பகுதி அதைச் சுண்டுவிரல் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். அடுத்தது பூவேலையும் கட்டமும். வெளியே வண்ண வண்ணமாகத் தெரியும் ஒவ்வொரு உருவத்துக்கும் உள்ளே நூல்கள் குறுக்கே தொங்கும். விரல் அதில் சிக்கும், தோலைச் சுரண்டும். கரப்பான் தோலுக்கு ஒரே நிறச் சாக்ஸ்தான் சரி.

பிறகு பட்டை. இரண்டு கைகளாலும் விரித்தால் கெண்டைக்கால் அளவுக்கு இலகுவாக விரிய வேண்டும். மாலையில் கழற்றும்போது லேசான தடம் இருக்கலாம், அது சற்று நேரத்தில் மறைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் பள்ளமாகத் தெரிந்தால் அந்தச் சாக்ஸ் உங்களுக்கு ஆகாது. ‘எல்லா அளவுக்கும் ஒன்று’ என்பதை நம்ப வேண்டாம். சாக்ஸின் குதி உங்கள் குதியில் உட்கார வேண்டும். பெரிதாக இருந்தால் மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் புண் வரும்.

கடையில் உறையைப் பிரிக்க விடமாட்டார்கள் என்றால் ஒரே ஒரு ஜோடி வாங்கி, துவைத்து, இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மேலும் வாங்குங்கள். புதுச் சாக்ஸில் மிருதுவாகத் தெரிவதற்காகப் பூசிய பூச்சும் மிச்சச் சாயமும் இருக்கும். துவைக்காமல் போடவே கூடாது.

வீட்டில் இருப்பதெல்லாம் மேட்டுத் தையல் சாக்ஸ். எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். தையல் வெளியே போய்விடும். ஷூவுக்குள் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கம்பளி என்றாலே அரிக்கும்தானே? ஏலகிரிக்குப் போகும்போது என்ன செய்வது?

அரிப்பது நூலின் தடிமனால். சுமார் 30 மைக்ரானைவிட (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடித்த இழை வளையாமல் முள் போலத் தோலைக் குத்தும். 20 மைக்ரானுக்கும் மெல்லிய மெரினோ கம்பளி வளைந்து கொடுக்கும், பலருக்கு அரிக்காது. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ மார்கழிக் குளிருக்கு உள்ளே மெல்லிய பருத்திச் சாக்ஸும் அதன் மேல் கம்பளியும் போட்டால் போதும்.

மூங்கில் சாக்ஸ் நல்லதா?

மென்மையாக இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆனால் அது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக்கிய விஸ்கோஸ். கிருமியைக் கொல்லும் என்று உறையில் எழுதியிருப்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். தொட்டுப் பார்த்து இதமாக இருந்தால் வாங்கலாம்.

கறுப்பு, கருநீலச் சாக்ஸ் போட்டால்தான் அரிக்கிறது. இது மனப்பிரமையா?

இல்லை. பாலியஸ்டருக்கும் நைலானுக்கும் ஏற்றும் டிஸ்பெர்ஸ் வகைச் சாயங்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். டிஸ்பெர்ஸ் புளூ 106, டிஸ்பெர்ஸ் புளூ 124 இரண்டும் துணி ஒவ்வாமையில் பெயர்போனவை. கருநீலம், கறுப்பு போன்ற அடர் நிறங்களில் இவை சேர்கின்றன. சாயம் நூலோடு கெட்டியாகப் பிணைந்திருக்காததால் வியர்வையில் கரைந்து தோலுக்கு வரும். பருத்திக்கு இந்த வகைச் சாயம் ஏற்றுவதில்லை. எனவே அடர் நிறம் கட்டாயம் வேண்டும் என்றால் பருத்தி அதிகமுள்ளதை எடுங்கள். இல்லையென்றால் வெள்ளை, அல்லது சாயமே ஏற்றாத பழுப்பு வெள்ளை. ஈர வெள்ளைத் துணியால் சாக்ஸை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் அது உங்கள் காலிலும் இறங்கும்.

சாக்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். அரிப்பு போகவே இல்லை. இனி என்ன?

இந்தக் கேள்விக்கு என் காலையே உதாரணமாகச் சொல்கிறேன்.

ஒரு கோடையில் இரண்டு பாதங்களின் மேற்புறமும் தடித்து, கட்டைவிரல் முதுகில் தோல் வெடித்து நீர் வடிந்தது. ஆறு வகைச் சாக்ஸ் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் போன தோல் மருத்துவர் காலைப் பார்த்ததும் கேட்டது, “நீங்கள் போடும் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நாளைக்குக் கொண்டுவர முடியுமா?” என்பதுதான். முதுகில் சிறு சிறு வட்டங்களாக மருந்து ஒட்டி ஒரு சோதனை செய்தார். பேட்ச் டெஸ்ட் என்று பெயர். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. 48 மணி நேரத்தில் ஒட்டியதை எடுத்துப் பார்த்தார், மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தார். ஒரே ஒரு வட்டம் மட்டும் கொசு கடித்துச் சொறிந்தது போலச் சிவந்து மேடாகியிருந்தது. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனம் அது.

ஷூவுக்குள் தோலைத் தொடக்கூடியவை பல. ரப்பரில் மெர்காப்டோபென்சோதியசோல், தையூராம் வகை ரசாயனங்கள். லைனிங்கையும் இன்சோலையும் ஒட்டும் பசையில் ஒருவகை ஃபார்மால்டிஹைடு பிசின். குரோமியத்தில் பதனிட்ட தோலில் குரோமேட். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த எங்கள் மாவட்டத்தில் குரோமியம் என்ற சொல்லை அறியாத வீடு குறைவு. பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் மூன்று என்ற வகை அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. சூடும் பழமையும் பதனிடுவதில் வரும் பிழையும் சேர்ந்து அதில் ஒரு பகுதி குரோமியம் ஆறு என்ற வகையாக மாறும்போதுதான் நம் தோல் கொதிக்கிறது. உடம்பைத் தொடும் தோல் பொருளில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் விதி வைத்திருக்கிறது. ஏற்றுமதிச் சரக்கு ஆய்வகம் போய்வருவது இதற்காகத்தான். உள்ளூரில் விலை குறைவாக வாங்கும் ஷூவுக்கு அந்தச் சோதனை நடந்ததா என்று கேட்டுப் பெற வழியில்லை.

வியர்வை இந்த ரசாயனங்களைக் கரைத்துச் சாக்ஸுக்குள் இறக்கும், சாக்ஸ் அதைத் தோலுக்குக் கொண்டுசேர்க்கும். ஷூவின் குற்றம் சாக்ஸின் தலையில் விழுவது இப்படித்தான். எனக்கு இதில் ஒரு தவறு நடந்தது. மருத்துவர் சொன்னபடி ஷூவை மாற்றிவிட்டேன், ஆனால் பழைய சாக்ஸ்களைத் துவைத்து வைத்துக்கொண்டேன். புது ஷூ போட்டுப் பத்தாம் நாள் அரிப்பு திரும்பியது. ரப்பர் ரசாயனம் துவைத்தாலும் நூலை விட்டு முழுதாகப் போகாது. ஒவ்வாமை தந்த ஷூவைக் கழிக்கும்போது அதனுடன் போட்ட சாக்ஸ்களையும் கழித்துவிட வேண்டும். இந்த ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். பலர் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொல்வதற்குப் பின்னால் இந்தப் பழைய சாக்ஸ் இருக்கிறது.

பள்ளிக்குப் போகும் மகளுக்கு உள்ளங்கால் பளபளப்பாகி வெடிக்கிறது. சேற்றுப்புண் மருந்து போட்டும் போகவில்லை.

விரல்களின் அடியையும் பாதத்தின் முன்பகுதியையும் பாருங்கள். மெழுகு பூசியது போலச் சிவந்து, பளபளத்து, மெல்லிய வெடிப்புகள் இருந்து, விரலிடுக்குகள் மட்டும் நன்றாக இருந்தால் அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்று நான்கு வயது முதல் பதின்மூன்று, பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நைலான் சாக்ஸும் காற்றுப் புகாத ஷூவும் சேர்ந்து உண்டாக்கும் தொல்லை இது. வியர்வையில் ஊறுவதும், ஷூவைக் கழற்றியதும் சட்டென்று காய்வதும் மாறி மாறி நடந்து தோல் வெடிக்கிறது. வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானே போய்விடும்.

அதுவரை பருத்திச் சாக்ஸ். வீட்டுக்கு வந்தவுடன் ஈரச் சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, வெடிப்பில் வாசலின். பள்ளியில் சீருடைச் சாக்ஸ் நைலானில்தான் கிடைக்கிறது என்றால் வகுப்பாசிரியரிடம் மருத்துவரின் சீட்டைக் காட்டி, அதே நிறத்தில் பருத்திச் சாக்ஸ் போட அனுமதி கேளுங்கள். தயங்க வேண்டாம். குழந்தை வகுப்பில் உட்கார்ந்து காலோடு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தால் பாடம் எப்படி ஏறும்? இரண்டு ஜோடி ஷூ வாங்க முடிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுங்கள். ஈரமான ஷூ உள்ளே காய ஒரு முழு நாளாவது வேண்டும்.

கைக்குழந்தைக்குச் சாக்ஸ் போடலாமா?

நம் ஊர் வெயிலில் பெரும்பாலான நாட்களில் தேவையே இல்லை. போட்டால், ஒவ்வொரு முறையும் உள்வெளியாகத் திருப்பி நூல் தொங்குகிறதா, தலைமுடி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் விரல் வீங்கி நீலமாகிவிடும். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பார்ப்பது நல்லது. விரல் வீங்கியிருந்தால் உடனே மருத்துவமனை.

எப்படித் துவைப்பது? எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு.

சாக்ஸ் அரிப்பில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் கழிவால் கிணறுகள் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த கதை. அந்தக் கழிவு எட்டாத ஊர்களிலும் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினநீர்தான். கடினநீரில் சவர்க்காரம் நுரைக்காது; திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் தங்கும். காய்ந்ததும் சாக்ஸ் அப்பளம் போல விறைப்பதற்கு அதுவே காரணம். அந்த விறைப்பு கரப்பான் தோலுக்கு உப்புத்தாள்.

சோப்புத்தூளைக் குறையுங்கள், அலசலைக் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் முதல் இரண்டு அலசல் போர்வெல்லில். கடைசி அலசல் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்ததில் ஒரு சிறு வாளி. சாக்ஸுக்கு ஒரு வாளி பெரிய செலவில்லை. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது நூலின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், அதன் வாசனையே சிலருக்கு ஒவ்வாது. சேற்றுப்புண் இருந்தால் சாதாரணத் துவைப்பில் பூஞ்சை சாகாது. 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும். இயந்திரத்தில் அந்த வசதி இல்லையென்றால், கை பொறுக்காத சூட்டு நீரில் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். எலாஸ்டிக் கொஞ்சம் சீக்கிரம் தளரும், பரவாயில்லை. உள்வெளியாகத் திருப்பி வெயிலில் காய வையுங்கள்.

மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். போட்டால் உடனே அரிப்பு நிற்கிறது, விட்டால் பரவுகிறது.

உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்பாக இருக்கலாம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும். அதன் மறைவில் பூஞ்சை வளரும். படர்தாமரை உருமாறி, விளிம்பு தெரியாமல், கால் விட்டுத் தொடைக்கு ஏறி, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வைத்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். முதுகு வலிக்கு மாத்திரை கேட்பது போலக் களிம்பு கேட்டு வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய் இருக்கிறது. காலில் மரத்த உணர்வும் உண்டு. எனக்கு எது சரி?

உங்களுக்கு அரிப்பைவிடப் பெரிய கவலை, வலி தெரியாமல் போவது. வெள்ளைச் சாக்ஸ் போடுங்கள். புண்ணிலிருந்து ஒரு துளி இரத்தமோ நீரோ கசிந்தாலும் வெள்ளையில் தெரியும். கழுத்துப் பட்டை இறுகக்கூடாது, விரலில் தையல் மேடு கூடாது, ஒட்டுப் போட்ட சாக்ஸ் கூடாது. போடும் முன் ஷூவுக்குள் கையை விட்டுப் பாருங்கள்.

உணர்ச்சியற்ற பாதத்தைக் காப்பாற்றும் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று நம் வேலூர். சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயாளிகளின் கால் புண்களுக்குக் காரணம் நோய்க்கிருமி மட்டுமல்ல, வலி தெரியாமல் நடந்த நடையும் அழுத்தமும்தான் என்று காட்டினார்கள். எம்.சி.ஆர். என்ற மிருதுவான நுண்துளை ரப்பர் அடியிட்ட செருப்பு அந்த வேலையில் பிறந்து, இன்று சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் போகிறது. அங்கே சொல்லிக்கொடுத்த பழக்கம் எளிமையானது: தினமும் இரவில் இரண்டு பாதங்களையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாள் முழுவதும் நின்று வேலை. கணுக்காலுக்கு மேலே கறுத்து அரிக்கிறது. சாக்ஸ் இறுக்கமா?

நரம்புச் சுருட்டலாக இருக்கலாம். கால் இரத்தக்குழாயில் இரத்தம் தேங்கி, கணுக்காலின் உட்புறம் கறுத்து, வீங்கி, அரிக்கும். தையல் மேசையிலும் பேருந்து நடத்துநர் வேலையிலும் நின்றே காலம் கழித்தவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொறிந்தால் ஆறாத புண்ணாகும். அதற்கு அழுத்தம் தரும் நீள் சாக்ஸ் உண்டு. ஆனால் மருத்துவர் இரத்த ஓட்டத்தைப் பார்த்து அளவு சொன்ன பிறகே வாங்க வேண்டும்.

மெட்டி போட்டிருக்கிறேன். சாக்ஸ் போட்டால் அந்த விரல்தான் அரிக்கிறது.

வெள்ளி என்று வாங்கிய மெட்டியில் நிக்கல் கலந்திருக்கலாம். வியர்வை நிக்கலைக் கரைக்கும். ஒரு வாரம் மெட்டியைக் கழற்றிவைத்துப் பாருங்கள். கழற்ற மனம் வராவிட்டால் வேலை நேரத்தில் மட்டுமாவது கழற்றுங்கள். மெட்டிக்கு அடியில் சோப்பும் ஈரமும் தங்கினாலும் இதே அரிப்பு வரும். கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் செருப்புக்கு வசதி. ஐந்து விரலும் பிரிந்தது, விரலிடுக்கு எப்போதும் ஊறிப்போகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

தொழுகைக்காக ஒரு நாளைக்குப் பலமுறை கால் கழுவுகிறேன். அதனால் கூடுகிறதா?

எங்கள் பிரிவில் இருந்த ஒரு பாய் இதே கேள்வியைக் கேட்டார். கழுவுவதால் கெடுதல் இல்லை. ஈரக்காலோடு சாக்ஸ் போடுவதால்தான். சட்டைப்பையில் ஒரு சிறு பருத்தித் துணி வைத்துக்கொண்டு, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுப் போடச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அவரே வந்து சொன்னார், “சேற்றுப்புண் மருந்து வாங்கியே ரொம்ப நாளாகிறது.”

இரவில் எண்ணெய் தடவிச் சாக்ஸ் போட்டுத் தூங்கலாமா?

வறட்சியும் பித்தவெடிப்பும் என்றால் தாராளமாக. குளித்து, ஒத்தி எடுத்து, தோலில் ஈரம் முழுதும் காயும் முன்பே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள். பத்து நிமிடம் விட்டு, பழைய, தளர்ந்த, வெள்ளைப் பருத்திச் சாக்ஸ். தூக்கத்தில் சொறியும் குழந்தைக்கும் இது உதவும். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள். எண்ணெய் சாக்ஸில் பிடித்தால் துவைத்தாலும் கறை போகாது என்பதால் இதற்கென்று இரண்டு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் ஈரமும் உரிதலும் இருந்தால் அங்கே எண்ணெய் தடவக் கூடாது, சாக்ஸும் வேண்டாம். இரவு முழுவதும் காற்றாட விடுங்கள்.